என் துட்டிக்கு என்ன உடுத்திக்கொண்டு வருவீர்கள்?

போன மாசி மாதம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். லண்டனில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் வீடியோ காலில் வந்தாள். அந்த நேரத்தில் போன் அடித்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். "மாமா, பயப்படாதீங்க. ஒரு துட்டிக்குப் போணும், என்ன சேலை கட்டன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். அத்தையக் கூப்பிடுங்க" என்றாள். துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு.

அவளோடு வேலை பார்த்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் புற்றுநோயில் இறந்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை அடக்கம். வந்த மின்னஞ்சலில் இடம், நேரம் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியாக ஒரு வரி: யாரும் கறுப்பு உடுத்தி வர வேண்டாம், பளிச்சென்ற நிறங்களில் வாருங்கள். பிள்ளைகளாக எழுதிய வரி இல்லையாம் அது. அந்த அம்மாளே படுக்கையில் கிடந்தபடி சொல்லிவைத்துவிட்டுப் போனாராம்.

என் மனைவிக்கு நிறமெல்லாம் அப்புறம். "இறந்து எத்தன நாளாச்சு?" என்றாள்.

"பத்து நாளாச்சு அத்தை."

"அடுத்த வியாழன் வரைக்குமா வச்சிருப்பாங்க?"

அங்கே இரண்டு மூன்று வாரம் ஆவதெல்லாம் சாதாரணம் என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் தூக்கம் போய்விட்டது. அவள் கேமராவைத் திருப்பித் தன் அலமாரியைக் காட்ட, இவள் இங்கிருந்து ஒவ்வொன்றாகத் தள்ள, கடைசியில் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு கைத்தறிச் சேலை தேறியது. "சாவுக்கு மஞ்சச் சேலையா, அம்மாட்ட சொல்லிராதீங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

மனைவி தூங்கிவிட்டாள். எனக்கு வரவில்லை. அறுபதைத் தொடப்போகிறேன், சர்க்கரை இருக்கிறது, என் அப்பா போன வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அப்படிச் சொல்லிவைக்க ஒரு வாய்ப்பு இருந்தால் என்ன சொல்லுவேன் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

இந்தக் கேள்வி நம் ஊரில் செல்லுபடியாகுமா என்பதே முதலில் சந்தேகம். விருந்தாளி என்று ஒருவர் இருந்தால்தானே அவருக்கு என்ன உடை என்று பேச முடியும்? நம்மிடம் சாவுக்கு விருந்தாளியே கிடையாது, அழைப்பும் கிடையாது. நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போ என்பதுதான் பழக்கம். திருநெல்வேலிப் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். துட்டி சொல்லிவிட ஓர் ஆள் வருவார். காதில் விழுந்த நிமிடத்தில் என்ன உடுத்தியிருக்கிறோமோ அதோடு தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நான் தந்தி ஆபீசில் இருந்தவன். 2013 ஜூலை 14 அன்று தந்திச் சேவை நாடு முழுக்க நிறுத்தப்பட்டபோது வேறு பிரிவுக்குப் போய், 2020 ஜனவரி 31 அன்று பல்லாயிரம் பேரோடு சேர்ந்து விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்தேன். என் கையால் எத்தனை சாவுச் செய்தி போயிருக்கும் என்று கணக்கே இல்லை. 'ஃபாதர் எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இமீடியட்லி.' பாதிப் பேர் 'எக்ஸ்பயர்ட்' என்று போடக்கூட மனமில்லாமல் 'சீரியஸ்' என்று போடுவார்கள். வாங்குகிறவருக்குப் புரிந்துவிடும். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலத்தில், என்ன உடுத்தி வர வேண்டும் என்று இரண்டு வார்த்தை கூடுதலாக யாராவது போட்டிருப்பார்களா? அதற்கு நேரமும் கிடையாது. காலையில் போன உயிர் என்றால் சாயங்காலத்துக்குள் காட்டுக்குப் போயாக வேண்டும். ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் அமெரிக்காப் பிள்ளைக்காக ஒருநாள் காத்திருப்பதெல்லாம் வந்தது.

ஆனால் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது ஆம்பிளைப் புத்தி. ஆண்களுக்கு அது சரிதான். வெள்ளை வேட்டி கல்யாணத்துக்கும் ஆகும், கருமாதிக்கும் ஆகும். பெண்களுக்கு அப்படி இல்லை என்பதை என் அம்மாவின் துட்டிச் சேலையைப் பார்த்து வளர்ந்த நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் அப்படி ஒன்று இருந்தது. வீரவநல்லூர்த் தறியில் நெய்த பருத்திச் சேலை, காவியும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம், விரல் அகலத்துக்குக் கரை. அதை மற்ற சேலைகளோடு பீரோவில் வைக்க மாட்டாள். அடுக்களைக்குப் பின்னால் நெல் மூட்டை கிடக்கும் அறையில், ஒரு பழைய டிரங்குப் பெட்டிக்குள் தனியாகக் கிடக்கும். தெருவில் துட்டி என்றால் அது வெளியே வரும். போய்விட்டு வந்ததும் அதோடேயே வாசல் பக்கம் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேறு மாற்றிக்கொண்டு, அதைத் துவைத்துத் தனிக் கொடியில் போடுவாள். நாங்கள் யாரும் அந்தச் சேலையில் கை துடைக்க மாட்டோம். மற்ற எல்லாச் சேலையிலும் துடைப்போம்.

அந்தச் சேலையை எடுத்ததே கணக்குப் போட்டுத்தான் என்று பிற்பாடு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். துட்டி வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவளின் கண்ணீர், மூக்குச்சளி, எண்ணெய்த் தலை எல்லாம் நம் தோளில்தான். தரை மண்ணோ சாணி மெழுகியதோ. ஆகவே அழுக்குத் தாங்கும் நிறம் வேண்டும். ஜரிகை கூடாது, அது குத்தும், அதோடு பார்க்கிறவர்கள் கண்ணையும் குத்தும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, நனைந்தாலும் உடம்பு தெரியாத கெட்டித் துணியாக இருக்க வேண்டும். தெருவில் நாலு பேர் போய்வந்துகொண்டிருக்கும்போது சேலையோடு முழுகி எழுந்து நிற்க வேண்டுமே. துக்கத்துக்கு வெள்ளை என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நனைந்த வெள்ளைச் சேலையோடு வீட்டுக்கு நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளை நமக்குப் பழையதுதான், அதை மறுக்கவில்லை. புறநானூற்றின் 286ஆம் பாட்டில் ஔவையார் பாடையைக் 'கால்கழி கட்டில்' என்கிறார், அதில் கிடத்திப் போர்த்தும் துணியைத் 'தூவெள் அறுவை' என்கிறார். இரண்டாயிரம் வருடம் என்று கூசாமல் சொல்லலாம். ஆனால் அது போகிறவருக்குப் போர்த்துவது. வந்தவர்கள் உடுத்துவது வேறு.

கறுப்பு மட்டும் நமக்கு ஒட்டவே இல்லை. சினிமாவில் பார்த்துவிட்டுச் சிலர் கறுப்புச் சட்டை தேடுகிறார்கள், கல்லூரிப் பையன்கள் நண்பன் சாவுக்குக் கறுப்பில் வந்து நிற்கிறார்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவில் கறுப்பு உடுத்துகிறவர் இரண்டே வகை. ஒருவர் பெரியார் கட்சிக்காரர். அவர் மழை, வெயில், கல்யாணம், துட்டி எதுவானாலும் கறுப்புதான். இன்னொருவர் கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப சாமி. மாலை போட்டவர் துட்டி வீட்டு வாசலை மிதிக்க மாட்டார், சொந்தச் சித்தப்பன் செத்தாலும் தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஆக, இங்கிலாந்தில் கறுப்பு உடுத்தியவர் சாவுக்கு வருகிறார், இங்கே கறுப்பு உடுத்திய இரண்டு பேரில் ஒருவர் வரவே முடியாதவர்.

அந்த இங்கிலாந்துக் கறுப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தார். அன்று கறுப்பு உடுத்த ஆரம்பித்தவர் 1901 ஜனவரி 22 அன்று தான் சாகும் வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம், அதை விடவில்லை. ராணியைப் பார்த்து ஊரும் உடுத்தியது. லண்டன் ரீஜன்ட் தெருவில் துக்க உடைக்கென்றே 1841இல் ஒரு பெரிய கடை திறந்திருந்தார்கள், நம் ரதவீதி ஜவுளிக்கடை மாதிரி, உள்ளே போனால் எல்லாம் கறுப்பு. அப்படிப்பட்ட ராணி தன் சாவுக்கு எழுதிவைத்த குறிப்பில் கறுப்பு வேண்டாம், வெள்ளை வேண்டும் என்றார். வெள்ளை உடை உடுத்தி, கல்யாணத்தன்று போட்ட முக்காட்டை முகத்தில் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியின் மேலும் வெள்ளைத் துணி. வந்தவர்கள் என்னவோ வழக்கம்போலக் கறுப்பில்தான் வந்தார்கள். ராணி சொன்னாலும் கேட்கிறவர்கள் அவ்வளவுதான் கேட்பார்கள் போல.

கானாவில் அகான் மக்களுக்குக் கறுப்பும் சிவப்பும் துக்க நிறம். நிறைய வயது வாழ்ந்து நிம்மதியாகப் போனவர் என்றால் வெள்ளை சேர்ந்துகொள்ளும். இதைக் கேட்டால் நம் ஆட்கள் உடனே "கல்யாணச் சாவு" என்பார்கள். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கிற சாவு. அதற்கு வேட்டும் ஆட்டமும் உண்டு. அப்படிப்பட்ட சாவில் பேத்திகள் நல்ல சேலை கட்டி வந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆக நிறம் துக்கத்துக்கு மட்டும் இல்லை, வயதுக்கும்தான்.

சரி, நான் என்ன சொல்லிவைப்பேன்? மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு ஒரு தாளை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டேன். பொழுது போகாத ஓய்வூதியக்காரன் வேறென்ன செய்வான்.

முதல் வரி, எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். இதை எழுதும்போது என் மனதில் இருந்தவன் மதுரை நண்பன். 1998இல் என் அப்பா இறந்தபோது செய்தி கேட்டு, இருந்த இடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டான். போட்டிருந்தது மஞ்சள் டீ-சர்ட், நெஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய சிரிக்கும் முகம். பாதி வழியில்தான் கவனித்திருக்கிறான். கோவில்பட்டியில் பஸ் நின்ற ஐந்து நிமிடத்தில் கழற்றி உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான். துட்டி வீட்டில் அத்தனை கூட்டத்தில் அவன் பிடரியில் துணிக்கடைச் சீட்டும், தோள் ஓரமெல்லாம் தையலும் வெளியே தெரிய வந்து நின்று என் கையைப் பிடித்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு நடந்தான். தாமிரபரணியில் முழுகி எழுந்தபோது ஈரத் துணியில் அந்தச் சிரிப்பு பின்பக்கமிருந்து லேசாகத் தெரிந்தது. அப்பா இருந்திருந்தால் நிச்சயம் ரசித்திருப்பார். அன்றைக்கு என் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனான், இன்னும் திருப்பித் தரவில்லை. ஆகவே இரண்டாவது வரி: சிரிக்கும் படம் போட்ட சட்டையை யாரும் திருப்பிப் போட வேண்டாம்.

மூன்றாவது, பட்டு உடுத்தியவர்களும் வரலாம். எங்கள் தெருவில் ஒரு துட்டியின்போது, பாளையங்கோட்டையில் ஒரு முகூர்த்தத்திலிருந்து நேராக ஒரு பெண் பட்டுச்சேலையோடும் தலையில் பூவோடும் இறங்கினாள். பூவை ஆட்டோவிலேயே எடுத்திருக்கலாம், தோன்றவில்லை பாவம். எல்லோரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்த வீட்டில் அன்றைக்கு மனம்விட்டு அழுதவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் வருடக்கணக்காக ஊரில் பேசப்பட்டது அழுகை இல்லை, சேலைதான்.

நான்காவது எனக்கானது. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் எனக்குக் கோட்டு மாட்டிவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாழ்நாளில் ஜிப்பாவைத் தவிர எதுவும் போடாத எங்கள் சித்தப்பாவை, அச்சடிக்கிற கடைக்காரர் வேறு யாருடைய உடம்பிலோ தலையை மட்டும் ஒட்டி, நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக நாற்சந்தியில் நிறுத்திவிட்டார். பின்னணியில் சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு மலை. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றுதான் கேட்டாள்.

இப்படியே பத்து வரி போனது. அதற்குள் வியாழக்கிழமையும் வந்துபோனது, தங்கை மகள் கூப்பிட்டாள். எல்லோரும் கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் வந்திருந்தார்களாம், ஒரு கிழவர் பூப்போட்ட சட்டையில் வந்தாராம். இவள் மஞ்சள் சேலையை எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். "ஆனா மாமா, வெளியில குளிர் கொன்னுட்டு. கல்லறைகிட்ட நிக்கும்போது எல்லாரும் மேல கோட்டு போட்டுட்டோம். பாத்தா எல்லாக் கோட்டும் கறுப்பு!"

அன்று சாயங்காலம் என் தாளை மனைவி எடுத்துப் படித்தாள். ஃப்ளெக்ஸ் வரியில் சிரித்தாள். மதுரைக்காரன் வரியில் "அந்த வேட்டியக் கேட்டு வாங்குங்க" என்றாள். கடைசி வரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று.

"எல்லாருக்கும் எழுதியிருக்கீங்க. நான் என்ன கட்டணும்னு இதுல இல்லயே?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

துட்டிக்கு வருகிற நூறு பேரும் தங்கள் இஷ்டத்துக்கு உடுத்தி வரலாம். ஒரே ஒருத்திக்குத்தான் என்ன உடை என்று ஊர் கூடி முடிவு செய்து வைத்திருக்கிறது. அதை யார் எடுக்க வேண்டும், யார் கையால் கொடுக்க வேண்டும், என்ன நிறம், எந்த நாள், எந்த நேரம் வரை எல்லாம் கணக்கு. லண்டன் மின்னஞ்சலில் இருந்ததைவிடக் கறாரான குறிப்பு அது. எழுதி வைக்க வேண்டிய தேவையே இல்லாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்பா போனபோது அம்மாவுக்கு 54 வயது. அவளுக்குத் தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள், கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டார்கள், நெற்றியில் காலணா அளவு குங்குமம். அம்மா அவ்வளவு பெரிய பொட்டு கல்யாணத்துக்குக்கூட வைத்திருக்க மாட்டாள். எல்லாம் எடுப்பதற்காக வைப்பது. மாமாக்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்தார்கள், மூன்றும் வெள்ளை. பதினாறாம் நாளுக்கு முந்தின ராத்திரி, வெளிச்சம் வருவதற்கு வெகுநேரம் முன்னால், பெண்கள் மட்டும் எழுந்து அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்கள். ஏற்கெனவே கைம்பெண்களாக இருந்தவர்கள்தான் அதைச் செய்ய வேண்டுமாம். ஆண்கள் பார்க்கக் கூடாது. நான் முன் திண்ணையில் மொட்டைத் தலையோடு படுத்திருந்தேன். வளையல் உடைகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, அடுக்களையில் கரண்டி விழுந்தால் வருகிற அளவுக்குத்தான்.

விடிந்து பார்த்தபோது அம்மா வெள்ளையில் உட்கார்ந்திருந்தாள். மறு வருடமே வெள்ளையை விட்டுவிட்டாள். காலம் மாறிவிட்டது, கலர் கட்டிக்கொள் என்று ஊரே பெருந்தன்மை காட்டியது. என்ன கலர்? சாம்பல், வெளிர்ப் பழுப்பு, மங்கலான நீலம். கரை சின்னதாக இருக்க வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும், வாங்கிக் கொடுக்கிற எங்களுக்கும் தெரியும். தீபாவளிக்கு நானே கடையில் "அம்மாவுக்கு, கொஞ்சம் டல்லா காட்டுங்க" என்று கேட்டு எடுத்திருக்கிறேன். நல்ல சேலைகளை அவள் அக்காவுக்கும் தங்கைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் கிடந்த துட்டிச் சேலை பீரோவுக்கு வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அம்மாவுக்குத் துட்டிக்கென்று தனியாக ஒன்று அதற்கப்புறம் தேவைப்படவில்லை.

18 வருடம். 2016இல் அம்மா போனாள். குளிப்பாட்டும்போது அக்கா அந்தக் கத்தரிப்பூச் சேலையைக் கொண்டுவந்தாள். "இதக் கட்டி விடுவோம்" என்றாள். பெரியவர்கள் கூடாது என்றார்கள், கோடிதான் கட்டணும், அதுவும் வெள்ளைதான். அக்கா விடவில்லை, பேச்சு தடித்தது. கடைசியில் ஒரு வயதான அத்தை சமாதானம் செய்துவைத்தார்: கோடியைக் கட்டுங்கள், அந்தச் சேலையை மடித்துத் தலைக்கடியில் வையுங்கள். அப்படியே வைத்தார்கள். மூத்த மகன் நான், கொள்ளி வைக்கப்போகிறவன், ஈர வேட்டியோடு இரண்டடி தள்ளி நின்றேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். சொல்லவில்லை. நீர்மாலைக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். விக்டோரியா ராணிக்குக் கடைசியில் கிடைத்த முக்காட்டைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு அந்த மடித்த சேலைதான் ஞாபகம் வரும்.

இன்றைக்கு அவ்வளவு இல்லை என்பார்கள். உண்மைதான், குறைந்திருக்கிறது. என் கூட வேலை பார்த்தவர்கள் வீடுகளில் பொட்டையும் பூவையும் விடாத பெண்களைப் பார்க்கிறேன். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் என்ற கிராமத்தில் 2022 மே மாதம் பஞ்சாயத்தே கூடித் தீர்மானம் போட்டார்கள்: தாலி கழற்றுவது, வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, மெட்டி கழற்றுவது எதுவும் எங்கள் ஊரில் இனி வேண்டாம் என்று. அதே மாதம் மாநில அரசு மற்றப் பஞ்சாயத்துகளும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. செய்தியில் படித்தபோது ஒரு ஊரே கூடினால்தான் இது முடியும் போல என்று தோன்றியது. ஒரு வீட்டில் ஒருத்தன் தாளில் எழுதி என்ன ஆகும்?

ஆனாலும் எழுதுவது என்று முடிவு செய்தேன். உயிலில் சேர்க்கலாமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்தார். உயில் சொத்துக்கானது, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு நன்றாகப் பூட்டி வைப்பீர்கள், அதை எடுத்துப் படிக்கும்போது கருமாதி முடிந்து வாழைமரம்கூடக் காய்ந்திருக்கும் என்றார். ஆகவே ஒரு தாள் போதும், ரேஷன் கார்டு வைக்கிற உறைக்குள் வைக்க வேண்டும், துட்டி சொல்லப் போகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மச்சினன்மார் இரண்டு பேருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். பெரியவர், "என்ன மாப்ள, நல்ல நாளும் அதுவுமா" என்று பேச்சை மாற்றினார். சின்னவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கோடி எடுக்க வேண்டாமா?" என்றார். எடுங்கள், அவளையே கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்குப் பிடித்ததை எடுங்கள் என்றேன். அந்த நேரத்தில் எப்படிக் கடைக்குப் போவாள் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பத்து வரியையும் அடித்துவிட்டு இரண்டு வரி எழுதினேன். வருகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் வாருங்கள் என்பது ஒன்று. இரண்டாவது: 'என் மனைவி அவளுக்குப் பிடித்த சேலையை, பூவோடும் பொட்டோடும், அன்றும் அதற்குப் பிறகும் உடுத்திக்கொள்ள எல்லோரும் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கொண்டுபோய்க் காட்டினேன். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

"முதல்ல நீங்கதான் போவீங்கன்னு யார் சொன்னா?"

"ஒரு பேச்சுக்கு."

"நான் முந்திட்டா என் கூறைப்பட்டக் கட்டிவிட்டுருவாங்க. அதக் கட்டக் கூடாது, சொல்லிட்டேன். அது பாப்பாவுக்கு. போற உடம்புக்கு எதுக்கு அவ்வளவு வெலயில பட்டு, சுங்கடி ஒண்ணு போதும். அதையும் எழுதுங்க."

எழுதிக்கொண்டேன். அவள் என் வரியை மறுபடி படித்தாள். 'அனுமதிக்குமாறு' என்ற இடத்தில் கீரைத்தண்டு ஒட்டிய விரலை வைத்தாள்.

"இது யாரு அனுமதிக்கணும்?"

அந்த வார்த்தையை அடித்தேன். 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதும் தானாகவே போய்விட்டது. 'உடுத்திக்கொள்வாள்' என்று மட்டும் நின்றது.

"சரி, என்னதான் கட்டுவ? நிறத்தையும் எழுதிடுறேன்."

"அத இப்பவே எப்படிச் சொல்ல? அன்னைக்கு எது தொவச்சுக் காஞ்சு கெடக்கோ அது" என்று சொல்லிவிட்டுக் கீரைப் பக்கம் திரும்பினாள்.